வரத்தும் வரவும்

சென்ற வெள்ளிக்கிழமை மத்தியானம். சித்திரை வெயிலில் காரைக்குடி எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கத்து வாசகிகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வளவு ஓரத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாய்கூட இல்லாமல் படுத்திருந்தேன். வெளியே எவ்வளவு கொளுத்தினாலும் அந்தத் தரை முதுகுக்கு இதமாக இருக்கும். கண் செருகுகிற சமயம் பார்த்து, என் மகள் வயிற்றுப் பேத்தி இங்கிலீஷ் பத்திரிகையும் நோட்டுமாக வந்து நின்றாள்.

"ஆயா, இன்ஃப்ளக்ஸ்னா என்ன அர்த்தம்?"

எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். வாரத்துக்கு ஐந்து புது வார்த்தைகளைப் பத்திரிகையிலிருந்து பொறுக்க வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், அது பிறந்த கதை, சொந்தமாக ஒரு வாக்கியம், இத்தனையும் எழுத வேண்டுமாம். நாங்கள் படித்த காலத்தில் மனப்பாடம் செய்தால் போதும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாடு கஷ்டம்தான்.

"அகராதியைப் பாரு ஆத்தா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

பார்த்தாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"உட்பாய்வுன்னு போட்டிருக்கு. ஆயா, உட்பாய்வுன்னா என்ன அர்த்தம்?"

நேயர்களே, இதற்குமேல் தூங்க முடியுமா? எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் செய்தியை வாங்கிப் பார்த்தேன். எங்கோ ஒரு தூர தேசத்தில் சண்டை. எல்லையைத் தாண்டி அடுத்த நாட்டுக்குள் ஜனங்கள் ஓடி வருகிறார்கள். அதைத்தான் 'அகதிகளின் இன்ஃப்ளக்ஸ்' என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் தூக்கம் முழுவதும் போய்விட்டது. ஏன் போயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வார்த்தையின் குலம் கோத்திரத்தை விசாரித்துவிடுவோம். பெண் எடுப்பதானாலும் வார்த்தை எடுப்பதானாலும் அதுதானே முறை?

இந்த வார்த்தையின் பிறந்த வீடு லத்தீன் பாஷை. 'ஃப்ளூவெரே' என்றால் லத்தீனில் தண்ணீர் பாய்வது, ஓடுவது. முன்னால் 'இன்' சேர்த்தால் உள்ளே பாய்வது. அந்த 'இன்ஃப்ளூவெரே'யிலிருந்து வந்த பெண்தான் இன்ஃப்ளக்ஸ். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலீஷுக்குள் வாழ்க்கைப்பட்டாள். முதலில் ஆற்று நீர் வந்து விழுவதற்கும், காற்றும் வெளிச்சமும் உள்ளே வருவதற்கும்தான் அந்த வார்த்தை பயன்பட்டது. சில பத்தாண்டுகளிலேயே மனிதர்கள் கூட்டமாக வருவதற்கும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஃப்ளோ என்று இன்னொரு வார்த்தை உண்டு. அது நிதானமாக வருவதற்கு. இன்ஃப்ளக்ஸ் என்றால் திடுதிப்பென்று, ஏராளமாக வந்து சேர்வது.

கூடப் பிறந்தவர்கள் பலர். 'இன்ஃப்ளுயன்ஸ்' என்கிறோமே, ஒருவருக்கு இருக்கும் செல்வாக்கு, அது மூத்த அக்கா. வானத்து நட்சத்திரங்களிலிருந்து ஏதோ ஒரு சக்தி கண்ணுக்குத் தெரியாமல் பூமிக்குள் பாய்ந்து மனிதர்களை ஆட்டி வைக்கிறது என்று ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்தப் பாய்ச்சலுக்கு வைத்த பேர்தான் இது. நம் ஊரில் சனிப் பெயர்ச்சி பார்ப்பவர்களைக் கேலி செய்யும் இங்கிலீஷ் படித்த மாப்பிள்ளைகள், 'எனக்கு அங்கே இன்ஃப்ளுயன்ஸ் உண்டு' என்று சொல்லும்போதெல்லாம் ஜோசியம்தான் பேசுகிறார்கள்!

இத்தாலி பாஷையில் அதே வார்த்தை 'இன்ஃப்ளுயன்ஸா'. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் ஜுரத்தில் படுத்தால், கிரகங்களின் வேலை என்று நினைத்து அப்படிச் சொன்னார்கள். 1743இல் இத்தாலியில் ஒரு பெரிய ஜுரம் பரவியபோது, அந்தப் பேர் இங்கிலீஷுக்குள்ளும் புகுந்தது. பிற்பாடு தலையையும் வாலையும் வெட்டி 'ஃப்ளூ' ஆக்கிவிட்டார்கள். நட்சத்திரம் போய்விட்டது, பாய்வது மட்டும் மிச்சம். ஃப்ளூ வந்தவர்களின் மூக்கைப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

'அஃப்ளுயன்ட்' என்பது இன்னொரு தங்கை. பணக்காரர் என்று அர்த்தம். எங்கிருந்தோ அவரை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டே இருக்கிறது என்று தாத்பரியம். தடையில்லாமல் பேசினால் 'ஃப்ளூயன்ட்', நதிகள் கூடினால் 'கான்ஃப்ளூயன்ஸ்', நிரம்பி வழிந்தால் 'சூப்பர்ஃப்ளுவஸ்'. பெரிய குடும்பம்தான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். பாய்வதற்கு இங்கிலீஷில் 'ஃப்ளோ' என்று ஒரு சாதாரண வார்த்தை இருக்கிறதே, முக ஜாடையைப் பார்த்தால் இவர்களோடு பிறந்தது என்று சத்தியம் செய்யலாம். ஆனால் உறவே கிடையாது! அது லத்தீன் வழி வந்ததல்ல. ஜெர்மானிய வழி வந்தது. லத்தீனில் அதற்கு உறவு எது என்று தேடினால், மழை பெய்வதைக் குறிக்கும் 'ப்ளூவெரே' என்ற வார்த்தை கிடைக்கிறது. கல்யாண வீட்டில் அச்சாக ஒரே மாதிரி இரண்டு பேரைப் பார்த்து அக்கா தங்கையா என்று கேட்டு, அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அதுபோலத்தான்.

இத்தனையும் சொல்லி முடித்தேன். பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"சரி ஆயா, தமிழ்லே இதுக்கு என்ன சொல்றது? உட்பாய்வுன்னு யாரும் பேசறதில்லையே?"

* * *

வாஸ்தவம், யாரும் பேசுவதில்லை. ஆனால் எங்கள் செட்டிநாட்டில் ஒரு வார்த்தை தினமும் புழங்குகிறது. வரத்து!

இந்தச் சீமையில் பெரிய ஆறு கிடையாது. மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. ஆகவே பெய்த மழையை எப்படி உள்ளே வரவழைப்பது என்பதுதான் ஊரைக் கட்டியவர்களின் முதல் கவலை. எங்கள் வீட்டையே பாருங்கள். வளவின் நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்முகமாக இறங்குகிறது. மழைக் காலத்தில் மூலைத் தகரக் குழாயின் கீழே அண்டாவும் கிடாரமும் வைத்துவிடுவோம். அப்பத்தா இருந்த காலத்தில் முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்க விடமாட்டார். ஓட்டுத் தூசியெல்லாம் கழுவிப் போகட்டும் என்பார். இரண்டாவது மழைத் தண்ணீரில்தான் பருப்பு வேகும். அந்தப் பருப்பின் ருசியே தனி.

பிடித்தது போக மிச்சம், தரைக்கு அடியில் கட்டிய கால்வாய் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். அந்தத் தெருக்களின் வாட்டமும் ஊருணியைப் பார்த்து இருக்கும். ஊருணி நிறைந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். 2014இல் செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. மாடமாளிகைகளின் அழகோடு, இந்தத் தண்ணீர் ஏற்பாடும் அங்கே பேசப்படும் விஷயம். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் சட்டம் வந்தது. அப்போது எங்கள் தெருப் பெரியவர்கள், 'நம்ம பாட்டன் செஞ்சதுக்கு இப்பத்தான் சட்டம் வந்திருக்கு' என்று சிரித்துக்கொண்டார்கள்.

ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலுக்குப் பேர் வரத்துக்கால். எந்த ஊருணியும் தானாக வற்றுவதில்லை. வரத்துக்காலில் குப்பையைக் கொட்டி, மேலே ஒரு கொட்டகையும் போட்டுவிட்டால், எத்தனை மழை பெய்தாலும் ஊருணி காய்ந்துதான் கிடக்கும். அதே போல, நிறைந்தது வெளியே போக வழி வேண்டும். இல்லாவிட்டால் கரை உடையும். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. பஸ்ஸும் ரயிலும் ஓடுவதற்குத் தமிழில் என்ன பேர்? போக்குவரத்து! போக்கும் வரத்தும் சேர்ந்த வார்த்தை. தினம் நூறு தரம் சொல்கிறோம், பிரித்துப் பார்த்ததில்லை.

திருவள்ளுவரும் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், நல்லவன் கையில் சேரும் செல்வத்துக்கு ஊருணி நிறைவதைத்தான் உவமை சொன்னார். அஃப்ளுயன்ட் என்று இங்கிலீஷ்காரர்கள் பணத்தைத் தண்ணீரோடு சேர்த்ததைப் பார்த்தோம் அல்லவா? அவர்களுக்கு எத்தனையோ காலம் முன்பே நம்மவர் சேர்த்துவிட்டார். அதுவும் நிறைந்தால் போதாது, ஊர் குடிக்க வேண்டும் என்று ஒரு படி மேலே போய்!

* * *

பணம் என்றதும் செட்டிநாட்டின் இரண்டாவது வரத்து ஞாபகம் வருகிறது. தண்ணீருக்கு வரத்து, பணத்துக்குக் கணக்குப் பேரேட்டில் எழுதும் வார்த்தை வேறு: வரவு.

1852இல் வெள்ளைக்காரர்கள் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி நதியின் கழிமுகத்தில் காட்டைத் திருத்தி நெல் பயிரிட ஜனங்கள் குவிந்தார்கள். விளைந்த அரிசி கப்பல் கப்பலாக வெளிதேசம் போயிற்று. பயிரிடுகிறவனுக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டும். எங்கள் ஊர் ஆண்கள் 'கொண்டு விற்க'ப் புறப்பட்டார்கள். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஊர் திரும்பினார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன.

அங்கே வட்டி வரவு வைக்க வைக்க இங்கே வீடுகள் நீண்டன. முகப்புக்குப் பர்மாத் தேக்குத் தூண், சுவருக்கு இத்தாலிப் பளிங்கு, நிலைக்கண்ணாடிக்குப் பெல்ஜியம், அலமாரி நிறைய பர்மா அரக்குச் சாமான். கல்யாணத்துக்கு நாம் கிண்டும் கவுனி அரிசிகூடப் பர்மாவிலிருந்து வந்ததுதான் என்பார்கள். பெண்களுடைய சீதனப் பணமும் அந்தக் கடைகளில்தான் வட்டிக்குக் கிடந்தது. எங்கள் அப்பத்தாவின் பணமும் அங்கேதான் இருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஓர் இடத்துக்கு வரத்து என்றால் இன்னோர் இடத்துக்கு அது போக்கு. 1930இல் உலகமெல்லாம் மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மியக் குடியானவர்களின் நிலம் கைமாறியது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938க்குள் அது 25 பங்காயிற்று. நிலம் வாங்க வேண்டும் என்று போனவர்கள் அல்ல, பணம் திரும்பாததால் நிலமாக வந்து சேர்ந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது நிஜமாகவே இருக்கட்டும். வயலை இழந்தவன் வீட்டு அடுப்பு அந்த நியாயத்தைக் கேட்குமா?

போக்கு ஆரம்பித்ததும் கரையே உடைந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1942இல் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். பெரும்பாலோர் அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கும், மலைக்காட்டு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். எங்கள் ஐயா நடந்து வந்தவர். புறப்பட்டபோது கையில் பெட்டி சாவிக் கொத்து. வந்து சேர்ந்தபோதும் அதேதான் இருந்தது. பெட்டிகள் அங்கேயே போயின. 1948இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டு வந்தது. பேரேட்டின் அந்தப் பக்கங்களில் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் அப்பத்தா அந்தப் பேரேட்டை எரிக்கவும் விடவில்லை.

* * *

இனி, என் தூக்கம் ஏன் போயிற்று என்பதற்கு வருகிறேன்.

1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பெரிய முதலாளிகள் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் பெட்டிக்கடைக்காரரும், துறைமுகக் கூலியும், தையல்காரரும், குமாஸ்தாவும்தான். பலர் அங்கேயே பிறந்தவர்கள். கழுத்து நகையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு ரங்கூனில் கப்பல் ஏறினார்கள். அப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் லட்சத்துக்கு மேல். சென்னையில் பர்மா பஜார் இருக்கிறதே, அங்கே அத்தோவும் மொய்ங்காவும் விற்கிறார்களே, அது அவர்கள் வந்த சுவடு. காரைக்குடியிலும் பர்மா காலனி உண்டு.

அடுத்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு. ஒரு நாள் காலை வகுப்பில் புதிதாக ஐந்து பெண்கள். ஒரே மாதிரி வெளிறிய பாவாடை, ஒரே மாதிரி பேசாத வாய். வகுப்புத் தலைவி நான். புது நோட்டு யார் யாருக்கு வேண்டும் என்று பட்டியல் எழுதி வரச் சொன்னார் டீச்சர். எழுதினேன். பழைய பெண்கள் எல்லாருக்கும் பேர் எழுதினேன். கடைசியில் 'பர்மா 1, பர்மா 2, பர்மா 3, பர்மா 4, பர்மா 5' என்று எழுதினேன். கேட்டு எழுதச் சோம்பல். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். பக்கத்துப் பெண்களிடம் காட்டிச் சிரிக்கவும் செய்தேன்.

நோட்டுக் கொடுக்கும்போது 'பர்மா 3' என்று கூப்பிட்டேன். அந்தப் பெண் எழுந்து வந்தாள். நோட்டை வாங்கவில்லை. என் கையிலிருந்த பட்டியலை மெதுவாக வாங்கினாள், என் பென்சிலையும் வாங்கினாள், 'பர்மா 3' என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் தன் பேரை எழுதினாள். முத்து முத்தாக எழுத்து. என் கோழிக் கிறுக்கலுக்கு நடுவே அந்த ஒரு பேர் மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது. ரங்கூனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவளாம். ஒரு வார்த்தை பேசாமல் நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து இதை நான் ஒரு குறையாகத்தான் சொன்னேன். "பாருங்க அப்பத்தா, என் லிஸ்டுலேயே அடிச்சு எழுதறா!" என்றேன். அப்பத்தா இரண்டாங்கட்டில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மனை நின்றது.

"என்ன எழுதினே?"

சொன்னேன்.

"ஏண்டி, சந்தையிலே இன்னிக்குக் கத்திரிக்கா வரத்து இத்தனை மூட்டைன்னு எண்ணுவான். அப்படியா எண்ணினே? அது பொண்ணுடி. உங்க ஐயா நடந்து வந்தாரே, அவருக்கும் அந்தப் பக்கத்திலே யாராவது நம்பர் போட்டிருப்பாங்க. வீட்டு வாசலுக்கு வந்தப்ப நான் நம்பரையா பார்த்தேன்?"

மறுநாள் அந்தப் பெண்ணை அழைத்து வரும்படி உத்தரவு. தயங்கித் தயங்கி அழைத்தேன். அவள் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அப்பத்தா அவளுக்குக் கந்தரப்பம் கொடுத்து, பேர் கேட்டு, அம்மா பேர் கேட்டு, பர்மாவில் எந்த ஊர் என்று கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

"ஆத்தா, அங்கே வயக்காடு எப்படி இருக்கும்?"

நேயர்களே, அப்பத்தாவுக்குப் பர்மா என்றால் பேரேட்டில் ஒரு பக்கம். கணவர் வருஷக்கணக்கில் இருந்த ஊர், தன் சீதனம் போய்ச் சேர்ந்த மண், அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை. கேட்டாலும் ஐயா சொல்ல மாட்டார். இந்தப் பதினொரு வயசுப் பெண் சொன்னாள். மழைக் காலத்தில் வயலும் ஆறும் ஒன்றாகிவிடும், எது நிலம் எது தண்ணீர் என்றே தெரியாது என்றாள். வீட்டை மூங்கில் கால் மேல் கட்டியிருப்பார்கள், எருமைகள் தலை மட்டும் தெரிய நிற்கும், பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி இவள் கிளம்பும்போது அழுதாள் என்றாள். அப்பத்தா ஊருணியைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவர். வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

எத்தனையோ வருஷம் அந்த ஊரிலிருந்து வீட்டுக்குப் பணம் வந்தது, தேக்கு வந்தது, அரக்குப் பெட்டி வந்தது. அந்த ஊரே வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

* * *

இதையெல்லாம் சொன்ன பிறகு பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள். "அப்போ, பேப்பர்லே போட்டிருக்கறது தப்பா ஆயா?"

தப்பு என்று சொல்ல முடியாது. இங்கிலீஷில் தண்ணீருக்கும் சரக்குக்கும் பணத்துக்கும் மனிதருக்கும் அந்த ஒரு வார்த்தையே ஓடுகிறது. ஒரே நாளில் பத்தாயிரம் பேர் எல்லையைத் தாண்டினால் பத்திரிகைக்காரர் பத்தாயிரம் பேரையும் எழுதவா முடியும்? எத்தனை கூடாரம், எத்தனை மூட்டை அரிசி என்று பார்க்க வேண்டிய அதிகாரிக்கும் தொகைதான் வேண்டும். எண்ணாவிட்டால் சோறு போட முடியாது. ஆனால் நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. நம் பாஷையில் இரண்டு வார்த்தை தனித்தனியாகவே இருக்கின்றன. அணைக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து. மனிதர் வந்தால் வரவு. கல்யாண வாசலில் 'நல்வரவு' என்றுதானே கோலம் போடுகிறோம்? 'நல்வரத்து' என்று எந்தப் பெண்ணாவது போட்டதுண்டா?

இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். நகரத்தார் எல்லாரும் ஆதியில் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கிளம்பி இந்தப் பாண்டி நாட்டுக்கு வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அப்படியானால் இந்த வறண்ட சீமையில் முதல் இன்ஃப்ளக்ஸ் யார்? நாம்தான்! அன்றைக்கு யாரோ இடம் கொடுத்ததால்தான் இன்றைக்கு ஆத்தங்குடிக் கல்லில் படுத்துத் தூங்குகிறோம்.

பேத்தி கடைசியில் ஒரு வாக்கியத்துக்குப் பதில் இரண்டு எழுதினாள். முதலாவது, மழைக்குப் பின் எங்கள் ஊருணிக்கு வந்த தண்ணீரைப் பற்றி. அதில் இன்ஃப்ளக்ஸ் என்ற வார்த்தை சரியாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் அந்த வார்த்தையே இல்லை. 'எங்கள் ஆயாவின் சிநேகிதி 1964இல் ரங்கூனிலிருந்து வந்தார்' என்று எழுதி, பேரையும் போட்டிருந்தாள். டீச்சர் என்ன மார்க்குப் போடுவாரோ தெரியாது.

ஆமாம், அந்தப் பெண் என் சிநேகிதியானாள். இன்றைக்கும் இதே ஊரில் இருக்கிறாள். தையல் மெஷினை மிதித்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தவள். என் ரவிக்கை எல்லாம் அவள் கைத்தையல்தான். அறுபது வருஷத்துக்கு முன்பு எழுதாமல் விட்ட பேரை இந்தப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எழுதியதை அவளிடம் டெலிபோனில் படித்துக் காட்டினேன்.

"இன்னுமா அந்த லிஸ்டை நினைச்சுக்கிட்டிருக்கே?" என்று சிரித்தாள். "எழுது, எழுது. ஆனா என் பேரை மட்டும் போட்டுடாதே. அப்புறம் தெருவிலே எல்லாரும் ரவிக்கை தைக்கக் கொண்டு வந்துடுவாங்க. இந்த வயசிலே எனக்கு இன்ஃப்ளக்ஸ் தாங்காது!"

ஆகவே, நேயர்களே, போடவில்லை.